ஊசி போடும் நாளில் எங்கள் தெருவில் யாருமே போகவில்லை, எப்படிச் சொல்லிக் கூட்டிப்போவது?

வயல்கரை டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் பர்மாவில் பெகுவுக்கும் சிட்டாங் ஆற்றுக்கும் நடுவில் உள்ள நெல்வயல் கிராமம். தமிழர் வீடு 40 சொச்சம், மீதி பர்மாக்காரர்கள், கொஞ்சம் கரீன் குடும்பங்கள். சாயங்காலம் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன், அதனால் டீச்சர் என்று கூப்பிடுவார்கள். வேறு படிப்பு எதுவும் இல்லை. மருத்துவம் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து பதில் எழுதுங்கள்.

போன மாதம் பக்கத்து ஊரில் இரண்டு பிள்ளைகளுக்குத் தட்டம்மை என்று பேச்சு வந்தது. அன்று வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளிடம் தம்பி தங்கச்சிகளின் ஊசி கார்டை எடுத்துவரச் சொன்னேன். கொண்டுவந்ததைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஐந்து வயதுக்குக் கீழே 19 பிள்ளைகள், அதில் எல்லாக் கட்டமும் நிரம்பிய கார்டு ஆறுதான். நாலு பேருக்குக் கார்டே இல்லை, மற்ற எல்லோருக்கும் முதல் ஒன்றிரண்டு கட்டத்தோடு நின்றுபோயிருக்கிறது.

வெளியில் இருந்து பார்க்கிறவர்கள் இந்த மக்கள் ஊசி வேண்டாம் என்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வீடு வீடாகப் போய்க் கேட்ட பிறகுதான் தெரிந்தது, வேண்டாம் என்று வாயைத் திறந்து சொன்னது இரண்டே வீடு. மற்றவர்கள் சொன்னதெல்லாம் வேறு. ஊசி போடும் மருத்துவச்சி, நாங்கள் சயாமா என்போம், மாதம் ஒரு தடவைதான் வருகிறார், அது நடவு நாளாக இருந்தால் கூலியை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. ஊசி போடும் இடம் எங்கள் தெருவிலிருந்து ஒன்றரை மைல், மழைக்காலத்தில் பாதி ரோடு தண்ணீரில் கிடக்கும். ஒரு அக்கா சொன்னார், இரண்டு மாதம் தவறிவிட்டது, இப்போது போனால் எல்லோர் முன்னாலும் திட்டுவார்கள், அந்த வெட்கத்துக்குத்தான் போகவில்லை என்று. அவர் அதைச் சொல்லும்போது குரல் உடைந்துபோனது.

அந்த இரண்டு வீட்டில் ஒன்று எங்கள் வீடு. என் அண்ணன் மகளுக்கு 14 மாதம் ஆகிறது. பிறந்ததும் போடும் ஊசி போட்டாயிற்று, பென்டா என்ற கூட்டு ஊசி முதல் தவணை போட்டாயிற்று, அதோடு சரி. அன்று ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தது. தொடையில் ஊசி போட்ட இடம் புளியங்கொட்டை அளவுக்குக் கல் மாதிரி கெட்டியாகிவிட்டது, காலை மடக்கினாலும் நீட்டினாலும் அழுகை. கரண்ட் இல்லை. அண்ணன் அறுவடைக்குப் போயிருந்தார். அம்மா மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் விடிய விடிய ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பிள்ளை செத்துப்போய்விடும் என்றே நினைத்துவிட்டார். மறுநாள் மத்தியானம் தானாகக் குறைந்தது. ஆனால் அதற்கப்புறம் கார்டை எடுத்துத் தகரப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டார். அண்ணி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

எனக்கு அம்மாவோடு சண்டை போட மனசில்லை, அவர் பயந்தது நியாயம்தான். ஆனால் தட்டம்மை பக்கத்து ஊர் வரைக்கும் வந்துவிட்டது. விட்டுப்போன ஊசியை முதலிலிருந்து மறுபடி போட வேண்டுமா? இவ்வளவு நாள் கழித்துப் போட்டால் பலன் இருக்குமா? பெரியவர்களிடம் எப்படிப் பேசுவது? சயாமாவிடம் நாளை மாற்றச் சொல்லிக் கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா?

பழைய சயாமா

தங்கச்சி, நான் மோல்மேன் பக்கம் கிராமங்களில் 20 வருஷத்துக்கு மேல் மருத்துவச்சியாக வேலை பார்த்தவள், இப்போது அந்த வேலையில் இல்லை. 19 கார்டையும் நீ எடுத்துப் பார்த்தாயே, அதுதான் முதல் வேலை. அதைப் பாதி ஊர்களில் யாரும் செய்வதில்லை.

முதலில் உன் மருமகள். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. எத்தனை மாதம் தவறியிருந்தாலும் போட்ட தவணை போட்டதுதான், உடம்பு அதை மறப்பதில்லை. விட்ட இடத்திலிருந்து பிடித்தால் போதும். பென்டாவில் இரண்டாவது, அதிலிருந்து குறைந்தது நாலு வாரம் கழித்து மூன்றாவது. அவள் வயதுக்கு முதல் அவசரம் 9 மாதத்தில் போட்டிருக்க வேண்டிய தட்டம்மை ருபெல்லா ஊசி, அதை அடுத்த முறையே போட்டுவிடுங்கள். மூளைக்காய்ச்சல் ஊசியும் அதே வயதுக்கு உரியதுதான். இரண்டையும் ஒரே நாளில் போடலாம், பென்டாவையும் போலியோவையும் சேர்த்தே போடலாம். ஒரே நாளில் இத்தனையா என்று அம்மா மலைத்தால் இரண்டு நடையாகப் பிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் முதல் நடையில் தட்டம்மை ஊசி இருக்க வேண்டும். விட்டுப்போன கணக்கில் பேதி நோய்க்கான ரோட்டா சொட்டு மருந்துக்கு வயது வரம்பு உண்டு, இரண்டு வயதுக்கு மேல் கொடுப்பதில்லை.

இப்போது அந்த ராத்திரி. பென்டாவில் தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ், காமாலை பி, ஹிப் (நிமோனியாவும் மூளையுறைக் காய்ச்சலும் கொடுக்கும் கிருமி) என்று ஐந்து நோய்க்கான மருந்து இருக்கிறது. போட்ட அன்றோ மறுநாளோ காய்ச்சல் வருவதும், தொடையில் கெட்டியாவதும், பிள்ளை சிணுங்குவதும் நிறைய பேருக்கு உண்டு, ஒன்றிரண்டு நாளில் போய்விடும். கெட்டி மட்டும் சில பேருக்குக் கரைய வாரக்கணக்கில் ஆகும், அதனால் தீங்கில்லை. இதை உன் அம்மாவிடம் முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் அவர் அப்படிப் பயந்திருக்க மாட்டார். நான் வேலை பார்த்த காலத்தில் கூட்டம் அதிகமான நாட்களில் நானே அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். சொன்னாலும் பர்மிய மொழியில் வேகமாகச் சொல்வோம், நம் பாட்டிமார்களுக்குக் கடைத்தெருப் பர்மியம் தெரியும், இது புரியாது, ஆனாலும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அது என் தப்பு என்பதை வேலையை விட்ட பிறகுதான் முழுசாக உணர்ந்தேன். அதனால் அடுத்த தடவை நீ கூடப் போய் உட்கார்ந்து, சயாமா சொல்வதைத் தமிழில் அம்மாவிடம் சொல்.

காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் கொடுக்கலாம், அளவு பிள்ளையின் எடையைப் பொறுத்தது, அதை அங்கேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள். பால் கொடுத்துக்கொண்டே இருங்கள். வீங்கிய இடத்தில் சுத்தமான ஈரத்துணி வைக்கலாம். சூடு வைத்து ஒத்தடம், மஞ்சள், எண்ணெய், தனக்கா என்ற மரப்பட்டைச் சாந்து எதுவும் வேண்டாம், தேய்த்தும் விடாதீர்கள். வலிப்பு வந்தாலோ, பிள்ளை துவண்டு பால் குடிக்காமல் கிடந்தாலோ, மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாமல் வீறிட்டாலோ உடனே காட்ட வேண்டும், அடுத்த தவணைக்கு முன்னால் அதைச் சயாமாவிடம் சொல்லவும் வேண்டும். உன் மருமகளுக்கு நீ எழுதியதைப் பார்த்தால் அப்படி எதுவும் இல்லை.

தட்டம்மை ஊசிக்கு வரும் காய்ச்சல் வேறு மாதிரி. அது போட்ட அன்று வராது, ஒரு வாரம் பத்து நாள் கழித்து லேசாக வரும், சில பிள்ளைகளுக்கு மெல்லிய தடிப்பும் வரும். இதை இப்போதே அம்மாவிடம் சொல்லிவை. இல்லாவிட்டால் ஊசிதான் அம்மையைக் கொண்டுவந்தது என்று தெரு முழுக்கப் பரவிவிடும்.

சளி, இருமல், லேசான பேதி இருக்கும்போது ஊசி போடக்கூடாது என்று நம் ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. போடலாம். மழைக்காலத்தில் எந்தப் பிள்ளைக்கு மூக்கு ஒழுகவில்லை, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஆறு மாதம் போய்விடும்.

பெரியவர்கள் எங்கள் காலத்தில் இத்தனை ஊசி ஏது என்பார்கள். உண்மைதான், அப்போது இல்லை. பர்மாவில் பிள்ளைகளுக்கான விரிவான தடுப்பூசித் திட்டம் ஆரம்பித்ததே 1978-இல். ஐந்தையும் ஒன்றாக்கிய பென்டா 2012-இல் வந்தது, நிமோனியா ஊசி 2016-இல், மூளைக்காய்ச்சல் ஊசியை 2017 கடைசியில் 9 மாதம் முதல் 15 வயது வரை நாடு முழுக்கப் போட்டார்கள், ரோட்டா 2020-இல். அந்தக் காலத்தில் இல்லாத நோய் எதற்கும் இந்த ஊசிகளைப் போடவில்லை. நோய் அப்போதும் இருந்தது, மருந்துதான் இல்லை. ஒவ்வொரு பழைய வீட்டிலும் பாட்டியிடம் எத்தனை பிள்ளை பெற்றீர்கள், எத்தனை தங்கியது என்று கேட்டுப் பார், அவர்களே சொல்வார்கள்.

நாள் மாற்றுவது பற்றிச் சயாமாவிடம் தாராளமாகக் கேள். ஒருத்தி நாலைந்து கிராமங்களைப் பார்க்கிறாள், மருந்துப் பெட்டியை டவுனிலிருந்து காலையில் ஐஸ் வைத்து எடுத்துவர வேண்டும், 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், அதனால் தேதியை நினைத்தபடி மாற்ற அவளால் முடியாமல் போகலாம். ஆனால் நேரத்தை மாற்றலாம். விடியற்காலை நடவுக்கு இறங்கும் முன் உங்கள் தெருவில் ஒரு மணி நேரம் என்று கேட்டுப் பார்.

பெகு அப்பா

என் கதையையும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

என் மகளுக்கு 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை ஊசிக்கு எடுத்துப்போனேன். அன்றைக்கு எங்களோடு சேர்த்து இரண்டே பிள்ளைகள். ஒரு குப்பியைத் திறந்தால் பல பேருக்குப் போட வேண்டும், இரண்டு பேருக்காகத் திறக்க முடியாது, அடுத்த மாதம் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சரி என்று திரும்பினேன். அடுத்த மாதமும் அதே பதில். இரண்டு நாள் கூலி போனது, மோட்டார் சைக்கிள் எண்ணெய் போனது. மூன்றாவது மாதம் நான் போகவில்லை, மழை, வேலை, அப்படியே விட்டுப்போனது. மகளுக்கு ஒரு வயது நாலு மாதத்தில் தட்டம்மை வந்தது.

கண் இரண்டும் சிவந்து பீளை ஒட்டிக்கொண்டது, வெளிச்சத்தைப் பார்க்க மாட்டாள், சேலையைத் தொட்டிலில் திரையாகக் கட்டினோம். நாலாம் நாள் காதுக்குப் பின்னால் ஆரம்பித்து முகம், நெஞ்சு, கால் வரைக்கும் இறங்கியது. அதற்கப்புறம் நெஞ்சுச் சளி. மூச்சு விடும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்து குழி விழுந்து எழுந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். டவுன் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தோம். அங்கே வைட்டமின் ஏ கொடுத்தார்கள், அடுத்தடுத்த இரண்டு நாள். பிழைத்துக்கொண்டாள். இப்போது நன்றாக இருக்கிறாள், ஆனால் அதற்குப் பிறகு ஒரு வருஷம் எதற்கெடுத்தாலும் சீக்கு. தட்டம்மை வந்த பிள்ளைக்கு மற்ற நோய்களைத் தாங்கும் பழைய சக்தியும் குறைந்துபோகும் என்று டாக்டர் சொன்னார்.

அம்மா, பாட்டிமார்களைப் போய் நான் குறை சொல்ல மாட்டேன். நான் இரண்டு தடவை கையில் பிள்ளையோடு போய் நின்றவன். என்னை ஊசி வேண்டாம் என்றவர்கள் கணக்கில் யாராவது எழுதியிருந்தால் அது தப்பு.

சயாமா அக்கா, அந்தக் குப்பி விஷயம் உண்மையா? இரண்டு பேருக்காகத் திறக்கக் கூடாதா?

பழைய சயாமா

தம்பி, படித்ததும் மனசு கனத்துவிட்டது.

குப்பி விஷயம் பாதி உண்மை. தட்டம்மை மருந்து பொடியாக இருக்கும், நீர் கலந்த பிறகு 6 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும், வைத்திருந்து மறுநாள் போட்டால் ஆபத்து. காசநோய்க்கான பிசிஜிக்கும் இதே விதி. அதனால் மருந்து வீணாகிறதே, மேலே கேட்பார்களே என்று கிராமத்துச் சயாமா தயங்குகிறாள். ஆனால் உலக சுகாதார நிறுவனம் சொல்வது தெளிவானது: ஒரே ஒரு பிள்ளை வந்தாலும் குப்பியைத் திறந்து போடு. மருந்து வீணாவதைவிட வந்த பிள்ளை போடாமல் திரும்புவது பெரிய நஷ்டம். உங்களைத் திருப்பி அனுப்பியிருக்கக் கூடாது.

இதற்கு ஊர்க்காரர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தனித்தனியாகப் போகாமல் ஏழெட்டு பிள்ளைகளைச் சேர்த்து ஒரே நாளில் கொண்டுபோங்கள், முதல் நாளே எத்தனை பேர் என்று சயாமாவுக்குப் போன் செய்துவிடுங்கள். அவள் பெட்டியில் மருந்தையும் அந்த எண்ணிக்கைக்கு எடுத்துவருவாள்.

கோயில்தெரு

மகளே, நான் தட்டோன் பக்கம், கோயில் கமிட்டியில் இருப்பவன், வயது 70-ஐத் தாண்டிவிட்டது. பெரியவர்களிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டிருந்தாயே, அதற்கு மட்டும் எழுதுகிறேன்.

நம் ஆட்களிடம் அம்மை என்ற சொல்லுக்கு ஒரு பயமும் ஒரு மரியாதையும் இருக்கிறது. அம்மா வந்திருக்கிறாள் என்போம், வேப்பிலை கட்டுவோம், வீட்டில் தாளிக்க மாட்டோம், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவோம். அதை மூடநம்பிக்கை என்று பேச ஆரம்பித்தால் உன் பேச்சு அந்த வாசலோடு முடிந்தது. நான் அப்படிப் பேச மாட்டேன், எனக்கே அந்த பக்தி இருக்கிறது. என் அப்பாவின் முகம் முழுக்கப் பெரியம்மைத் தழும்பு. அவர் தங்கை அதில்தான் போனார். அந்தப் பெரியம்மை இன்றைக்கு உலகத்திலேயே இல்லை, 1980-இல் ஒழிந்தது என்று அறிவித்தார்கள், ஊசி போட்டுத்தான் ஒழித்தார்கள். என் கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. நான் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டிச் சொல்வேன், பெரியம்மை போனதால் மாரியம்மன் நம்மை விட்டுப் போய்விடவில்லை, வருஷா வருஷம் தீமிதிக்கு முன்னைவிடக் கூட்டம் அதிகமாகத்தான் வருகிறது. தாய் பிள்ளையைக் காப்பாற்ற நினைப்பாளே தவிர நோயைக் கொடுக்க நினைப்பாளா? இப்படிச் சொன்னால் கிழவிகள் கேட்கிறார்கள், நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

வேப்பிலையும் கட்டட்டும், ஊசியும் போடட்டும், ஒன்றுக்கொன்று தடையில்லை. அம்மை வந்த பிள்ளைக்கு மூச்சு வாங்கினாலோ, கண் மங்கினாலோ வேப்பிலையோடு காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும், இதை மட்டும் அழுத்திச் சொல்.

பூசாரியிடம் பேசு. கோயில் மண்டபத்தில் ஊசி போட இடம் கொடுங்கள் என்று கேள். பர்மாக்காரர்கள் ஊரில் பௌத்த மடத்தில் வைத்துப் போடுகிறார்கள், நம் தெருவில் கோயிலில் போட்டால் என்ன? எங்கள் கோயிலில் வெள்ளிக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் போட்டார்கள். நிழல் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, பெண்கள் எப்படியும் வரும் இடம். திட்டு வாங்குவோமோ என்ற வெட்கமும் நம் இடத்தில் கொஞ்சம் குறையும். இன்னொன்று, 2016-இல் சகாயிங் பக்கம் நாகா மலையில் லாஹே, நன்யூன் ஊர்களில் என்ன நோய் என்றே தெரியாமல் பிள்ளைகள் வரிசையாகச் செத்தார்கள். 30-க்கும் மேல். கடைசியில் அது தட்டம்மை என்று தெரிந்தது. மலையில் ரோடு இல்லை, ஊசி போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான் காரணம். நமக்கு ரோடு இருக்கிறது மகளே, தண்ணீரில் கிடந்தாலும் இருக்கிறது.

மேசோட்டிலிருந்து

நான் இங்கே தாய்லாந்து எல்லையில் தையல் ஃபேக்டரியில் இருக்கிறேன். என் மகன் ஊரில் என் அம்மாவிடம் வளர்கிறான், இரண்டரை வயது. டீச்சர் அக்கா எழுதியதைப் படித்தபோது அந்தக் கார்டு இல்லாத நாலு பேரில் என் பிள்ளையும் ஒருவனோ என்று தோன்றியது, எங்கள் ஊரும் அந்தப் பக்கம்தான்.

அவனுக்கு எத்தனை ஊசி போட்டோம் என்று எனக்கு நினைவில்லை, கார்டு வெள்ளத்தில் நனைந்து போய்விட்டது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருக்கு இன்னொரு பயமும் இருக்கிறது. எங்கள் வீட்டில் குடும்பப் பட்டியல் சரியாக இல்லை, அப்பாவுக்கு அடையாள அட்டை கடைசி வரை கிடைக்கவில்லை, 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு அலைந்து அலைந்து விட்டுவிட்டார்கள். ஊசி போடுமிடத்தில் பெயர் எழுதுவார்களே, அதை வைத்து ஏதாவது கேள்வி வருமோ என்று அம்மா பிள்ளையை வெளியில் கொண்டுபோகவே பயப்படுகிறார். தம்பி இருக்கிறான், அவனை வண்டியில் கூட்டிப்போகச் சொன்னால், 2024-இல் ராணுவ ஆள்சேர்ப்புச் சட்டம் அமலுக்கு வந்த பிறகு அவன் சோதனைச் சாவடியைத் தாண்டி டவுன் பக்கமே போவதில்லை. அவனைக் குறை சொல்லவும் முடியவில்லை. நான் இங்கே ராத்திரி ஓவர்டைம் முடிந்து வந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஃபேஸ்புக்கில் வேறு தட்டம்மை ஊசி போட்டால் பிள்ளைக்குப் பேச்சு வராது, ஆட்டிசம் வரும் என்று ஒரு வீடியோ சுற்றுகிறது, இங்கே ரூமில் எல்லோரும் பார்த்தோம். அதில் ஏதாவது உண்மை இருக்கிறதா?

பழைய சயாமா

மகளே, வீடியோவுக்கு முதலில் பதில். இல்லை. 1998-இல் இங்கிலாந்தில் வேக்ஃபீல்டு என்ற டாக்டர் 12 பிள்ளைகளை மட்டும் வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பிய பேச்சு அது. அதை வெளியிட்ட பத்திரிகையே 2010-இல் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது, அவருடைய டாக்டர் பதிவும் ரத்தானது. அதற்கப்புறம் பல நாடுகளில் லட்சக்கணக்கான பிள்ளைகளை வைத்துப் பார்த்தும் அப்படி ஒரு தொடர்பு கிடைக்கவில்லை. பிள்ளை பேச ஆரம்பிக்க வேண்டிய வயதும் இந்த ஊசி போடும் வயதும் ஒன்றாக வருவதால் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள்.

கார்டு இல்லாவிட்டால் போட்டதா இல்லையா என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டாம். சயாமாவின் பதிவேட்டில் பழைய பக்கத்தைப் பார்க்கச் சொல்லலாம், கிடைக்காவிட்டால் போடாதது போலவே வைத்துப் போட்டுவிடலாம். ஏற்கெனவே போட்ட பிள்ளைக்குத் தட்டம்மை ஊசியோ போலியோ சொட்டோ இன்னொரு தடவை போனால் கெடுதல் இல்லை.

பெயர் எழுதுவது பற்றி. நான் பதிவேட்டில் எழுதியது பிள்ளை பெயர், பிறந்த தேதி, தாய் பெயர், ஊர், என்ன ஊசி, இவ்வளவுதான். யாரிடமும் அடையாள அட்டையை நான் கேட்டதில்லை. இன்றைக்கு உங்கள் ஊரில் எப்படி என்று டீச்சர் முன்னாலேயே கேட்டுச் சொல்லிவிட்டால் உன் அம்மா தைரியமாகப் போவார். சொல்லப்போனால் பிறந்த தேதியோடு இருக்கும் அந்தக் கார்டு நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கைகொடுத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், அட்டை இல்லாத குடும்பங்களுக்குத்தான் அது அதிகம் தேவை. மேசோட்டில் உன்னைப் போன்றவர்களின் பிள்ளைகளுக்கு மேதாவ் கிளினிக்கில் ஊசி போடுகிறார்கள், டாக்டர் சிந்தியா மாவ்ங் 1989-இல் ஆரம்பித்தது. உன் கூட வேலை செய்கிறவர்களில் பிள்ளையை அங்கேயே வைத்திருப்பவர்கள் இருந்தால் சொல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராணுவம் ஆட்சியைப் பிடித்த 2021 பிப்ரவரிக்குப் பிறகு நிறைய மருத்துவச்சிகளும் டாக்டர்களும் வேலையை விட்டு வெளியே வந்தார்கள், ஊசி நாளும் பல ஊர்களில் மாதக்கணக்கில் நடக்கவே இல்லை. அதற்கு முந்தைய வருஷம் 100 பிள்ளைகளில் 80 பேருக்கு மேல் பென்டா மூன்றாவது தவணை முடித்திருந்தார்கள். 2021-இல் அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது, உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து எடுத்த கணக்கு. தட்டம்மையைத் தடுத்து நிறுத்த 100-க்கு 95 பேராவது ஊசி போட்டிருக்க வேண்டும், போடாத பத்து பேர் நோயாளி இருக்கும் வீட்டில் புழங்கினால் ஒன்பது பேருக்கு ஒட்டிக்கொள்ளும் நோய் அது. அந்தக் காலத்தில் விட்டுப்போன பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகும் வயதில் இருக்கிறார்கள். டீச்சர், உன் 19 பேரோடு சேர்த்து அவர்களின் அண்ணன் அக்கா கார்டையும் பார்த்துவிடு.

வயல்கரை டீச்சர்

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள், நெட் சரியாக இல்லை.

சயாமாவிடம் போய்க் கேட்டேன். தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, அவருக்கு அழுகை வந்துவிட்டது, இத்தனை வருஷத்தில் ஊரிலிருந்து யாரும் வந்து இப்படிக் கேட்டதில்லை என்றார். அவர் ஒருத்தராகவே ஆறு ஊர் பார்க்கிறார். தேதியை மாற்ற முடியாது, காலை ஆறரைக்கு வருகிறேன் என்றார். பூசாரி ஐயா உடனே சரி என்றார், மண்டபத்தைக் கழுவிவிட்டு மேசை போட்டுக் கொடுத்தார். அடையாள அட்டை கேட்பார்களா என்பதையும் முன்னாலேயே விசாரித்துக்கொண்டேன், கேட்க மாட்டார்கள். முந்தின நாள் ராத்திரி வீடு வீடாகப் போய், யாரையும் திட்ட மாட்டார்கள், நான் கூட இருப்பேன் என்று மட்டும் சொன்னேன்.

19-இல் ஊசி பாக்கி இருந்த 13 பிள்ளைகளில் எட்டுப் பேர் வந்தார்கள், பெரிய பிள்ளைகள் ஐந்து பேர். சயாமா நீலப் பெட்டியைத் திறந்தபோது வெள்ளையாகப் புகை மாதிரி குளிர் வந்தது, பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். போலியோ குப்பியின் மேல் வட்டத்துக்குள் ஒரு சின்ன சதுரம் இருக்கிறது, அது வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து நல்லது, சூடு பட்டுக் கறுத்திருந்தால் போடக்கூடாது என்று என்னிடம் காட்டினார். அதை நான் ஒவ்வொரு அம்மாவிடமும் காட்டினேன். அதைப் பார்த்த பிறகு அவர்கள் முகமே மாறியது, நம்மை நம்பிக் காட்டுகிறார்களே என்று.

எங்கள் அம்மாவிடம் நான் ஒன்றும் வாதாடவில்லை. அந்த ராத்திரி நீ பயந்தது சரிதான் அம்மா, இப்படி வரும் என்று உனக்குச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவர் இதுவரை எங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார், எனக்கு முன்னால் பிறந்த ஒரு பிள்ளை எட்டு மாதத்தில் காய்ச்சலில் போயிருக்கிறது, ராத்திரி, அதே வீட்டில். அவர் அன்று பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அண்ணன் மகளை மட்டும் இல்லை. பெட்டியைத் திறந்து கார்டை அவரே எடுத்துக் கொடுத்தார்.

பிள்ளைக்குத் தட்டம்மை ருபெல்லாவும் பென்டா இரண்டாவதும் போட்டாயிற்று. பென்டாவுக்கு அன்று ராத்திரி காய்ச்சல் வந்தது, பாரசிட்டமால் அளவைச் சயாமா கார்டின் பின்பக்கமே எழுதியிருந்தார். நானும் அம்மாவும் முழித்திருந்தோம், மூன்று மணிக்குப் பிள்ளை பால் குடித்துவிட்டுத் தூங்கியது. எட்டாம் நாள் லேசாக உடம்பு சுட்டது. அம்மா பதறவில்லை, இது அந்த ஊசிக் காய்ச்சல் என்று பக்கத்து வீட்டு அக்காவுக்கு அவரே விளக்கிக்கொண்டிருந்தார்.

இன்னும் ஐந்து பேர் பாக்கி. இரண்டு குடும்பம் கரும்பு வெட்டுக்குப் போயிருக்கிறது, வந்ததும் பார்க்க வேண்டும். வேண்டாம் என்று சொன்ன இன்னொரு வீட்டுக் கதவு இன்னும் திறக்கவில்லை, அங்கே அம்மாவை அனுப்பலாம் என்று இருக்கிறேன். கடைசி இரண்டு பேரில் ஒரு பையன் பாட்டியோடு இருக்கிறான், அம்மா எல்லைப் பக்கம் வேலையில் என்றார்கள், கார்டு வெள்ளத்தில் போய்விட்டதாம். மேசோட் தங்கச்சி, உங்கள் வீடு பழைய அரிசி மில்லுக்குப் பின்னால் தென்னை மரம் இரண்டு நிற்கும் வீடு என்றால் எனக்குத் தனியாக எழுதுங்கள். அடுத்த ஊசி நாளைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, நானே போய் உங்கள் அம்மாவையும் பிள்ளையையும் கூட்டிவருகிறேன்.